போர் கலைத்த படிப்பு: புழல், காவாங்கரை, செங்குன்றம் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் ஓரத்தில் புழல் காவாங்கரையிலும், அதைத் தாண்டி வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்க்கும் தலைமையாசிரியர்கள், வகுப்பாசிரியர்கள், மாலை வகுப்பு எடுப்பவர்கள், முகாம் பெற்றோர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

போர் 2009-லேயே முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

குண்டு விழுவது நின்றது. விட்டுப்போன படிப்பு தானாகத் திரும்பி வரவில்லை. 1983-க்குப் பிறகு ஒரு கூட்டம், 1990-ஐ ஒட்டி ஒரு கூட்டம், 1996 முதல் ஒரு கூட்டம், 2006 முதல் ஒரு கூட்டம் என்று நான்கு அலைகளாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இன்று ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இங்கேதான் பிறந்தது; போரைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் அம்மா ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஊரை விட்டு ஓடியவராக இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் பள்ளி வாசலை மிதித்திருக்க மாட்டார். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் அந்த வீட்டில் கேட்க ஆளில்லை. ஒரு தலைமுறை இழந்த படிப்பு அடுத்த தலைமுறையின் நோட்டில்தான் தெரிகிறது.

2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது மார்ச் மாதம் முதல் தனுஷ்கோடி வழியாகப் புதிதாகவும் சில குடும்பங்கள் வந்தன. அவர்களை மண்டபத்தில் தங்கவைத்தார்கள்.

போர் நடந்தபோது அங்கே பள்ளிகள் நடந்தனவா, மூடிக் கிடந்தனவா?

நடந்தன. வெளியில் இருப்பவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. பாடநூல் இலவசம், 1990-களிலிருந்து சீருடைத் துணியும் இலவசம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் பள்ளிகள் கொழும்பு அரசின் கல்வித் துறைக்குக் கீழேதான் இயங்கின. ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், வினாத்தாள் மூன்றும் அங்கிருந்தே வந்தன. சாதாரண தரப் பரீட்சையும் (ஓ.எல்., நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) உயர்தரப் பரீட்சையும் (ஏ.எல்., பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு போன்றது) நாடு முழுவதற்கும் ஒன்றே. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள். ஒருவர் மின்விளக்கில் படித்தார், இன்னொருவர் ஜாம் போத்தலில் படித்தார்.

அந்த ஜாம் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990-ல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது; ஆண்டுக் கணக்கில் வரவில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் விலை தலைக்கு மேல் ஏறியது. வழக்கமான அரிக்கன் லாந்தர் குடிக்கும் எண்ணெய்க்குக் கட்டுப்படியாகாது. அதனால் காலியான ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றி, சிறு உலோகக் குழாய்க்குள் திரியைச் செருகி, சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும்படி செய்தார்கள். காற்றுக்கு அணையாது, எண்ணெய் சிந்தாது, கொஞ்ச எண்ணெயில் இரவுப் படிப்பு ஓடிவிடும். வெளிச்சம் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பிள்ளைகள் என்றால் நடுவில் இருப்பவருக்கு மட்டும் எழுத்து தெளிவாகத் தெரியும். யாருக்குப் பரீட்சை பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு நடு இடம்.

பள்ளி வளவில் பதுங்குகுழி இருக்கும். விமானச் சத்தம் கேட்டால் வரிசையாக இறங்க வேண்டும். அப்படியும் தப்பாத நாட்கள் உண்டு: 1995 செப்டம்பர் 22 அன்று யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பக்கம் குண்டு விழுந்து மாணவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் 30-ஆம் தேதி, யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமம் பகுதி மக்கள் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தார்கள்; பலர் பிறகு தெற்கே வன்னிப் பெருநிலத்துக்கும் போனார்கள். போன இடத்தில் முதலில் படுக்க இடம் கிடைத்தது பள்ளிக் கட்டடங்களில்தான். ஆக, பள்ளி அகதி முகாமானது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வகுப்பறை இல்லாமல் போனது. பிறகு காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் இடம்பெயர்ந்து வந்த இன்னொரு பள்ளி என்று ஒரே கட்டடத்தில் இரண்டு நேரமாக நடத்தினார்கள். மரத்தடியிலும் கோவில் மண்டபத்திலும் நடந்தது.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. புத்தளம் பகுதியில், ஏற்கெனவே நிரம்பியிருந்த பள்ளிகளில், அவர்கள் பல ஆண்டுகள் நெருக்கியடித்துப் படித்தார்கள்.

பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள் என்கிறார்களே, அது படிப்பைப் பாதித்ததா?

பாதித்தது. புலிகள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்த்ததை யுனிசெஃப் ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது. வன்னியில் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வாங்கினார்கள். அதற்குப் பயந்து பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறைத்து வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள். இன்று முப்பதுகளில் இருக்கும் முகாம் தாய்மாரில் சிலர் பதினாறு வயதில் மணமானது இப்படித்தான். இன்னொரு பக்கம், 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு செஞ்சோலை வளாகத்தில் விமானப்படை குண்டு போட்டதில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகள் இறந்தார்கள். பள்ளிக்கு அனுப்பினாலும் பயம், அனுப்பாவிட்டாலும் பயம். இதையெல்லாம் அவர்களாகச் சொல்லும் வரை நாம் கேட்கக் கூடாது.

இப்போது அங்கே நிலைமை எப்படி?

பள்ளிகள் நடக்கின்றன, கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. வன்னியின் உள்ளூர்ப் பள்ளிகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் தட்டுப்பாடு தீரவில்லை. நகரத்திலிருந்து நியமிக்கப்படுபவர் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார். 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். எரிபொருள் இல்லாமல் பள்ளிகளை வாரக் கணக்கில் மூடினார்கள். போருக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் படிப்பிலும் இடைவெளி விழுந்தது அப்படித்தான்.

இங்கே அரசுப் பள்ளியில் சேர்க்க என்னென்ன தாள் வேண்டும்?

எட்டாம் வகுப்பு வரை: பிள்ளை வேண்டும். மற்றவை பிறகு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள 'ஒவ்வொரு குழந்தைக்கும்' என்றுதான் சொல்கிறது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிரிவு 5: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது. பிரிவு 15: ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். ஆதார் இல்லாததற்காக மறுக்கக் கூடாது என்பது 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறப்புச் சான்று இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ உறுதிமொழி போதும்.

நடைமுறையில் சிக்கல் சட்டத்தில் இல்லை, கணினியில் இருக்கிறது. எமிஸ் என்ற மாணவர் விவரக் கணினிப் பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் 'இவங்களைச் சேர்க்க முடியாதுபோல' என்று அலுவலகத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதி, பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, கணினிப் பதிவை வட்டார அளவில் சரிசெய்யலாம். வரிசையை மாற்றிச் செய்தால் பிள்ளை மூன்று வாரம் வீட்டில் இருக்கும். மூன்று வாரம் வீட்டில் இருக்கும் பையனை அப்பா பெயிண்டிங் வேலைக்குக் கூட்டிப்போய்விடுவார். அதற்குப் பிறகு திரும்ப அழைத்து வருவது பெரும்பாடு.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டம் நேரடியாகக் கை கொடுக்காது. அங்கே முகாம் அடையாள அட்டை, முந்தைய பள்ளியின் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் படித்த பிள்ளையிடம் 'டி.சி. இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டும். 'விடுகைப் பத்திரம் இருக்கா?' என்று கேளுங்கள். பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இரண்டும் ஒன்றுதான்.

எந்த வகுப்பில் சேர்ப்பது?

வயதுக்கு ஏற்ற வகுப்பில். பிரிவு 4 அப்படித்தான் சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, படிக்கத் தெரியவில்லை என்று மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது வெட்கத்தாலேயே நின்றுவிடும். ஏழில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் பிடிக்க வேண்டும். அந்தப் பயிற்சி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு. பதினான்கு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை உரிமை தொடரும்.

நிலையைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வு வேண்டாம், கால் மணி நேரம் போதும். இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும். 84-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் செய்துவிட்டால் பிள்ளைக்கு அடித்தளம் இருக்கிறது, பாட இடைவெளி மட்டும்தான். கழித்தலிலேயே 25 என்று வந்தால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையின் 'தரம் 6' ஏறக்குறைய நம் ஆறாம் வகுப்பு. ஆனால் அவர்களுடைய கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவது வழக்கம், நம்முடையது ஜூனில். சாதாரண தரப் பரீட்சை தரம் 11 முடிவில் வரும், உயர்தரம் தரம் 13 முடிவில். ஆகவே அங்கே ஓ.எல். முடித்து வரும் பிள்ளை, நம் பதினொன்றாம் வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்ததாக இருக்கும். அது தோற்று நின்ற பிள்ளை இல்லை.

தமிழ்தானே பேசுகிறார்கள், பாடம் ஏன் புரியவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மொழி ஒன்று, கலைச்சொல் வேறு. வேறாக இருந்தால்கூடப் பரவாயில்லை; ஒரே சொல்லுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பொருள் இருப்பதுதான் ஆபத்து.

இயற்பியலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாடநூலில் 'நிறை' என்றால் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் அளப்பது. புவியீர்ப்பால் வரும் விசைக்கு 'எடை' என்போம், நியூட்டனில் அளப்போம். இலங்கைப் பாடநூலில் முதலாவது 'திணிவு', இரண்டாவதுதான் 'நிறை'. இப்போது பாருங்கள்: '5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை என்ன?' என்று தேர்வில் கேள்வி. வீட்டில் அம்மா அவர் படித்தபடி 'நிறை எண்டால் திணிவைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்க வருவது' என்று சொல்லிக்கொடுத்திருப்பார். பிள்ளைக்குக் கேள்வியே தப்பாகத் தெரியும். அம்மா சொன்னதும் சரி, ஆசிரியர் சொன்னதும் சரி; நடுவில் பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது.

'வேகம்' அதைவிட மோசம். நமக்கு வேகம் திசை இல்லாதது, திசையோடு சொன்னால் திசைவேகம். அவர்களுக்குத் திசை இல்லாதது 'கதி', திசையோடு வருவது 'வேகம்'. நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல்.

வேதியியல் அங்கே இரசாயனவியல். தனிமம் அங்கே மூலகம், சேர்மம் அங்கே சேர்வை, ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு அங்கே காபனீரொட்சைட்டு. உயிரியலில் நம் செல் அவர்களுக்குக் கலம், ஒளிச்சேர்க்கை அவர்களுக்கு ஒளித்தொகுப்பு, நுண்ணோக்கி அவர்களுக்கு நுணுக்குக்காட்டி. கணக்கில் இயற்கணிதம் என்பது அட்சரகணிதம், வடிவியல் என்பது கேத்திரகணிதம். இயற்பியலே அங்கே பௌதிகவியல்.

செய்ய வேண்டியது எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் பள்ளிச் சொல். பாடம் நடக்க நடக்கப் பிள்ளையே எழுதட்டும். முதலிலேயே நூறு சொல் அச்சடித்துக் கொடுத்தால் அது பையின் அடியில் கிடக்கும். நிறை, வேகம் இரண்டையும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். தேர்வில் விழுங்குவது இந்த இரண்டும்தான்.

பாடம் தவிர, பேச்சும் இருக்கிறது. அங்கே 'பேசினார்' என்றால் திட்டினார் என்று பொருள். சும்மா உரையாடினால் 'கதைத்தார்'. 'நேற்று ரீச்சர் பிள்ளைக்குப் பேசினவவாம்' என்று ஓர் அம்மா வந்து நின்றால் அவர் முறையிடுகிறார் என்று அர்த்தம். 'ஆமாம்மா, பேசினோம், நல்லாப் பேசினோம்' என்று சிரித்தபடி பதில் சொல்லி அனுப்பினால் அந்த அம்மா மனம் நொந்து போவார். 'விளங்கேல்லை' என்று பிள்ளை சொன்னால், புரியவில்லை என்கிறது. நம் ஊரில் 'விளங்காதவன்' என்பது வசவு என்பதால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அது சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடும்.

வகுப்பில் 'சிலோன்' என்று கூப்பிடுகிறார்கள். பெரிதுபடுத்தலாமா?

கூப்பிட்ட அன்றே நிறுத்த வேண்டும். 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்று சொன்னால் கேலி, 'இன்னாடா' என்று திருப்பிச் சொல்ல வரவில்லை என்றாலும் கேலி. பட்டப்பெயர் ஆசிரியர் வாயில் வந்துவிட்டால் ஆண்டு முழுவதும் நிற்கும். மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடை செய்கிறது. வடசென்னைக்கு வந்தேறியவர் கதை புதிதில்லை. 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தமிழர் பிள்ளைகளும் வியாசர்பாடிப் பள்ளிகளில் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். இன்று பர்மா பஜாரும் அத்தோவும் இந்த ஊரின் அடையாளம்.

பெயரிலும் பிறந்த தேதியிலும் பிழை. எப்போது திருத்துவது?

பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல்) அனுப்பும் முன். அதற்குள் திருத்துவது சில வாரத்து வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது ஆண்டுக் கணக்கில் அலைச்சல். ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டு விடுமுறையில் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழை விழுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தலைப்பெழுத்து. இலங்கைச் சான்றில் தந்தை பெயர் முழுதாக முன்னால் வரும்: 'கந்தசாமி துஷ்யந்தி'. இங்கே அது 'க. துஷ்யந்தி' ஆகும், ஆங்கிலத்தில் 'கே' ஆகும். இன்னொரு தாளில் 'துஷ்யந்தி கந்தசாமி' என்று இருக்கும். கணினி இவை மூன்றையும் மூன்று ஆளாகப் பார்க்கிறது. இரண்டு, ஆங்கில எழுத்துக்கூட்டல். ஒரே பெயரில் ஒரு தாளில் 'எஸ்' மட்டும், இன்னொன்றில் 'எஸ்.எச்.' இருக்கும். எது பிறப்புச் சான்றில் இருக்கிறதோ அதையே எல்லாவற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கிறது என்று புதிதாக மாற்றாதீர்கள்.

பிள்ளைகள் ஏன் ஒன்பது, பத்தில் நின்றுவிடுகிறார்கள்?

படிக்கப் பிடிக்காமல் நிற்பவர் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்து நிற்பவர்தான் அதிகம். முகாம் குடும்பங்களுக்கு அரசு தரும், 2021-ல் உயர்த்தப்பட்ட மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. பெற்றோரும் இரண்டு சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய். பெயிண்டிங்குக்குப் போகும் பையன் சில நாளில் அதைச் சம்பாதித்துவிடுவான். கூடவே, பட்டம் வாங்கினாலும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். முகாமில் பி.இ. முடித்துவிட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கும் அண்ணனைத் தினமும் பார்க்கிறான். 'படிச்சா நல்லா வரலாம்' என்று வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டான்.

தனியார் வேலையில் இருக்கும் முகாம் பட்டதாரி ஒருவரை மாலை வகுப்புக்கு அழைத்து, என்ன படித்தார், எப்படி வேலை கிடைத்தது, எந்தத் தாள் கேட்டார்கள் என்று சொல்ல வையுங்கள். அதைவிட மேலான அறிவுரை கிடையாது. இன்னொன்று: முகாமில் 'செக்கிங்' என்று சொல்லும் ஆள் சரிபார்ப்பு நாளில் பிள்ளை வராவிட்டால் 'லீவு எடுக்கிறான்' என்று வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள், அன்று குடும்பமே அங்கே நிற்க வேண்டியிருக்கும். அந்த நாளில் வகுப்புத் தேர்வு வைக்காமல் இருப்பது நல்லது.

பன்னிரண்டுக்குப் பிறகு கல்லூரி உண்டா?

உண்டு. கலை அறிவியல், பாலிடெக்னிக், பொறியியல் எல்லாவற்றிலும் முகாம் மாணவர்கள் படித்து வெளிவந்திருக்கிறார்கள். 1991-க்குப் பிறகு சில ஆண்டுகள் கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டிருந்தன. அந்த வயதினர் பட்ட அடி பெரிது. 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்த திட்டத்தில் கல்வி உதவித்தொகை உயர்த்தப்பட்டது. பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் ஆண்டுக்கு 50 பேரின் செலவை அரசே ஏற்பதாகவும் சொன்னது. விண்ணப்பமும் சான்றும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை வழியாகத்தான். சேப்பாக்கம் எழிலகத்துக்குப் போகும் முன் முகாம் வட்டாட்சியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டும்.

எம்.பி.பி.எஸ். மட்டும் இன்னும் எட்டாத இடத்தில் இருக்கிறது. நீட் எழுதலாம், ஆனால் மாநிலக் கலந்தாய்வு இந்தியக் குடியுரிமை கேட்கிறது. இது நியாயமே இல்லை. இங்கே பிறந்து, இங்கே மழலை வகுப்பிலிருந்து படித்த பிள்ளைக்கு இந்தக் கதவை மூடிவைப்பதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. ஆனாலும் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு முடித்தபின் சொன்னால் தாங்காது. செவிலியர் படிப்பு, மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று பக்கத்துப் பாதைகளைச் சேர்த்தே பேசுங்கள்.

இங்கே பிறந்தால் இந்தியர் இல்லையா?

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அதனால் பாட்டி வந்த ஆண்டு, அம்மா பிறந்த மருத்துவமனை இரண்டையும் குறித்து வையுங்கள். முதல் அலையில் வந்து 1984, 85, 86-ல் மண்டபத்திலோ வேறு முகாமிலோ பிறந்த தாய் தந்தையர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்று பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றக்கூடியது.

ஊருக்குத் திரும்பப் போகிறோம். பிள்ளையின் படிப்பு என்ன ஆகும்?

போகும் காலத்தைப் பிள்ளையின் வகுப்பை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே சாதாரண தரத்துக்கான பாடத்திட்டம் தரம் 10, 11 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்தது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மேலே மூன்று விருப்பப் பாடம். இங்கிருந்து போகும் பிள்ளைக்குச் சமயமும் இலங்கை வரலாறும் அடியோடு புதிது. இரண்டாம் மொழியாகச் சிங்களம் வேறு வரும். தரம் 10 தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்தால் பிடித்துவிடலாம். தரம் 11 நடுவில் போனால் கட்டாயம் அடி வாங்கும். உயர்தரத்தில் சேர, சாதாரண தரத்தில் ஆறு பாடத்தில் சித்தியும் (தேர்ச்சியும்), அதில் மூன்றில் திறமைச் சித்தியும் (கிரெடிட்) கேட்பார்கள். தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறில் இருக்க வேண்டும்.

இங்கே ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இன்னொரு திண்டாட்டம். வடக்கில் பெரும்பாலும் தமிழ் வழி. அதனால் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த இரண்டு பக்கச் சொல் நோட்டைத் திருப்பிப் படிக்க வையுங்கள்: இப்போது 'எடை' என்பதை 'நிறை' என்று பழக வேண்டும்.

தாள்களில் முதன்மையானது, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பதிவாகும் பிறப்புச் சான்று. அது கைக்கு வர மாதங்கள் ஆகும். டிக்கெட் போட்டபின் தொடங்காதீர்கள். ஒஃபர் (ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்) அமைப்பு 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிறது. இந்தச் சான்றுகளுக்கு வழிகாட்டிப் பழக்கப்பட்டவர்கள். மாற்றுச் சான்றிதழை மூலமாக வாங்குங்கள், மேலும் ஐந்து வகுப்புகளின் மதிப்பெண் பட்டியலையும் தலைமையாசிரியர் முத்திரையோடு வாங்குங்கள்.

வயது தாண்டிவிட்டது, பத்தாம் வகுப்பும் இல்லை. வழி?

பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். பத்துக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு: ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, பாடம் பாடமாக எழுதித் தேறலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இதுதான் ஏற்றது.

முகாம் மாலை வகுப்புக்கு உதவ நினைக்கிறோம். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

நோட்டும் பென்சிலும் வேண்டிய அளவு வந்துவிடுகிறது, அரசும் கொடுக்கிறது. குறைவது வேறு. மழை தொடங்கினால் தாழ்வான வீடுகளில் தண்ணீர் நிற்கும், தாள்கள் நனைந்து போகும். ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறை, வீட்டுக்கு ஒன்று. அதற்குள் பிறப்புச் சான்று, முகாம் அட்டை, மதிப்பெண் பட்டியல் மூன்றுக்கும் ஐந்து ஐந்து நகல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்பு, நான்கு பேருக்கு ஒன்று என்ற கணக்கில். மின்சாரம் போனால் மூன்று மணி நேரம் தாங்கும் சார்ஜ் விளக்கு இரண்டு. விளக்கை மேசையின் மூலையில் வைக்காமல் நடுவில் தொங்கவிடக் கொக்கியும் சேர்த்து வாங்குங்கள், எல்லார் நோட்டிலும் வெளிச்சம் விழட்டும்.